அம்மம்மாவின் கடைசிப் பெட்டி

திருகோணமலை

அன்புள்ள மகளுக்கு,

இங்கே எல்லாரும் சுகம். நேரத்துக்குச் சாப்பிடு. காலமை ஏழரைக்கு நான் தேத்தண்ணி போடும்போது நீ வாட்ஸ்அப்பில் நிற்கிறதாகக் காட்டுது. லண்டனில் அப்போது இரவு மூன்று மணி. படிப்பு வேலை என்று நினைத்துக்கொள்கிறேன். நித்திரையைக் கெடுக்காதே.

அம்மம்மா ஓலைப்பெட்டி எப்படிப் பின்னுவா என்று கேட்டிருந்தாய். "ஓலை பின்னுவதும் ஒரு படிப்பா" என்று நான் எழுதினது பிழைதான். அதுக்காக இரண்டு மாதம் கதைக்காமல் இருக்கலாமா? வெள்ளிக்கிழமை பத்திரகாளி அம்மனில் உன் பேருக்கு அர்ச்சனை செய்தேன். பிள்ளை என்ன படிக்கிறா என்று ஐயர் கேட்டார். கைவேலையும் மனமும் என்றேன். சொல்லும்போது நெஞ்சு நிறைந்தது.

இனி நீ கேட்டது. வடலிக் குருத்துத்தான், இளம் பனையின் குருத்தோலைதான், அவவுக்கு வேணும். கச்சான் காற்று அடிக்கிற நாளில் ஓலை காய்ந்து வெடிக்கும். ஈரச் சீலையில் சுற்றி வைத்து, வெயில் ஏற முன்னம் பின்னுவா. அளவு எல்லாம் விரல், சாண், முழம். இரண்டைத் தூக்கி இரண்டை அமத்தி, அடுத்த வரியை ஒன்று தள்ளித் தொடங்கினால் சாய்வுக்கோடு தானாக விழும். எண்ணுறீங்களா என்று கேட்டால், "எண்ணினால் பிழைக்கும் பிள்ளை" என்பா.

2006 இல் சண்டைக்குள் எங்கள் ஊர் சம்பூரை விட்டு வெளிக்கிட்டபோது ஓலைக்கத்தியை மட்டும் மடியில் செருகிக்கொண்டா. முகாமில் ஓலை ஏது? நிவாரண அரிசிப் பையின் நாரை உருவிப் பின்னினா. அந்தத் தறப்பாளுக்குள் எங்களில் ஒழுங்காக நித்திரை கொண்டது அவ ஒருத்திதான். அது ஏன் என்று நான் ஒருநாளும் யோசித்துப் பார்க்கவில்லை.

போன முறை வந்தபோது விறாந்தையில் இருந்து ஹென்றி மொலேசனின் கதை சொன்னாய். வலிப்புக்காக 1953 இல் மூளையில் சத்திரசிகிச்சை செய்தார்கள், பிறகு புதிதாக ஒன்றும் அவருக்கு நினைவில் நிற்கவில்லை என்றாய். பிரெண்டா மில்னர் என்ற ஆராய்ச்சியாளர் அவரைக் கண்ணாடியைப் பார்த்தபடி நட்சத்திரம் கீறச் சொன்னாவாம். ஒவ்வொரு நாளும் அதுதான் முதல் தடவை என்று அவர் நினைத்தாராம், கை மட்டும் நாளுக்கு நாள் திருந்தினதாம். நீ சொல்லி முடிக்க முன்னம் நான் எழும்பிக் குசினிக்குப் போனேன். அடுப்பில் ஒன்றும் இருக்கவில்லை. அழத்தான் போனேன்.

2015 இல் ஊருக்குத் திரும்பி மூன்று வருஷத்தில், நீ கொழும்பில் படித்த காலம், அவ என்னையே "ஆர் பிள்ளை நீ?" என்று கேட்கத் தொடங்கினா. ஆனால் ஓலையைக் கையில் கொடுத்தால் பெட்டியின் அடி எழும்பும். அவிழ்ப்பா, திரும்பப் பின்னுவா, பொழுது முழுக்க அதுதான். ஓலை வெட்டி விரலில் இரத்தம். வருகிற போகிற சனம் பார்க்குதே என்று எனக்கு வெட்கம். ஒருநாள் பாதியில் பறித்து அடுப்புக்குள் வைத்தேன். அவ ஒன்றும் சொல்லவில்லை, கையை விரித்துப் பார்த்துக்கொண்டு இருந்தா. அதற்குப் பிறகு சாகும்வரை சீலைத் தலைப்பை மடித்து மடித்துப் பின்னிக்கொண்டே கிடந்தா. அவவின் கடைசிப் பெட்டி எங்கே என்று நீ கேட்டபோது கறையான் தின்றுவிட்டது என்றேன். பொய் சொன்னேன், மகள்.

நீ கடைசியாக அனுப்பின படத்தில் மேசை வெறுமையாகக் கிடந்தது. உன் நூல், ஊசி, கடதாசி ஒன்றையும் காணவில்லை. படத்தில் நீ மட்டும். முந்தி உன்னோடு படத்தில் நிற்கிறவரைப் பற்றி நான் கேட்கவில்லை. சாப்பிடு, நித்திரை கொள்.

வடலிக் குருத்து வெட்டுவித்து, காயவைத்து, ஈர்க்கு எடுத்து வைத்திருக்கிறேன். அடி எனக்குப் பின்ன வரும், விளிம்பு மடிக்க வராது. அதை அவ உனக்குத்தான் காட்டித் தந்தவ. காய்ந்த ஓலையைத் தபாலில் லண்டனுக்கு விடுவார்களா என்று விசாரித்துச் சொல். எழுத மனமில்லாவிட்டால் ஏழரைக்குக் கோல் எடு. நானும் முழிப்புத்தான்.

அம்மா