ஓவன் ஹார்ட்டை அந்த வரிசையில் வைக்காதீர்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

இளம் வயதில் இறந்துபோன மல்யுத்த வீரர்களைப் பற்றி உங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையைப் படித்தேன். ஊக்க மருந்து, வலி மாத்திரை, குடி என்று சொல்லிக்கொண்டே போய், அதே வரிசையில் ஓவன் ஹார்ட் பெயரையும் எழுதியிருக்கிறீர்கள். அவர் சாவுக்கும் மருந்துக்கும் சம்பந்தமே கிடையாது. வேலை நேரத்தில் உயரத்திலிருந்து விழுந்து செத்தவர் அவர். நான் கிரேன் வேலையில் ரிக்கர், அதாவது பாரத்துக்குக் கயிறும் கொக்கியும் மாட்டுபவன். பார்த்துவிட்டுச் சும்மா இருக்க முடியவில்லை.

1999 மே 23, அமெரிக்காவில் கான்சஸ் சிட்டியின் கெம்பர் அரங்கம். டபிள்யூ.டபிள்யூ.எஃப். (இன்றைய டபிள்யூ.டபிள்யூ.இ.) கம்பெனியின் மல்யுத்த நிகழ்ச்சி. ஓவனுக்கு 34 வயது. முகமூடி போட்ட 'ப்ளூ பிளேசர்' என்ற கோமாளி வீரனாகக் கூரையிலிருந்து கயிற்றில் இறங்க வேண்டும். ரிங்குக்குச் சற்று மேலே சிக்கிக்கொண்டதுபோல் திணற வேண்டும், அப்புறம் கொக்கியைத் தட்டிவிட்டுக் குப்புற விழ வேண்டும். கூட்டம் சிரிக்கும். அந்தச் சிரிப்புக்காகத்தான் சட்டென்று கழலும் ஷேக்கிளை, அதாவது கயிற்றோடு ஆளை இணைக்கும் இரும்பு வளையத்தை, மாட்டினார்கள். பாய்மரப் படகுக்கு உள்ளது அது. பாரம் தொங்கும்போதே இழுத்தால் விட்டுவிடும். சுமார் 78 அடி உயரத்திலேயே விட்டுவிட்டது. நெஞ்சு ரிங்கைச் சுற்றியுள்ள மேல்கயிற்றில் அடிபட்டு ரிங்குக்குள் விழுந்தார்.

எங்கள் சைட்டில் ஆள் தொங்கும் கொக்கியை ஒரே தட்டில் திறக்க முடியாது, இரண்டு அசைவு கொடுக்க வேண்டும். அதற்கு மேல் தனியாக ஒரு லைஃப் லைன், அதாவது உயிர்காக்கும் கயிறு. ஒன்று போனால் இன்னொன்று பிடிக்கும். ஓவனுக்கு அந்த இரண்டாவது பிடி இல்லை. பெயிண்ட் அடிக்க ஏறும் பையனுக்குக்கூட நாங்கள் அதைக் கட்டாமல் அனுப்ப மாட்டோம்.

அவரைத் தூக்கிக்கொண்டு போன கொஞ்ச நேரத்தில் நிகழ்ச்சியைத் தொடர்ந்தார்கள். இறந்துவிட்டார் என்று டிவியில் வர்ணனையாளர் ஜிம் ராஸ் அறிவித்தார்; அரங்கத்தில் உட்கார்ந்திருந்தவர்களுக்கு யாரும் சொல்லவில்லை.

நான் மல்யுத்த வீரர்கள் படம் போட்ட டிரம்ப் கார்டு விளையாடிய தலைமுறை. ஓவன் கார்டு கைக்கு வந்தால் உயரம், எடை எதைச் சொன்னாலும் அண்டர்டேக்கர் வைத்திருப்பவனிடம் தோற்றுப்போவோம். ஆனால் ரிங்கில் அவர் வேகமே வேறு. கனடாவின் கால்கரியில் ஸ்டூ ஹார்ட்டின் 12 பிள்ளைகளில் கடைக்குட்டி. வீட்டின் அடித்தளத்திலேயே அப்பா பயிற்சிக்கூடம் வைத்திருந்தார். 1994-ல் மேடிசன் ஸ்கொயர் கார்டனில் சொந்த அண்ணன் பிரெட்டை ஜெயித்த ஆட்டம் இன்றைக்குப் பார்த்தாலும் அலுக்காது. முடிவு முன்பே பேசிவைத்ததுதான், சரி. கீழே விழும் அடி பேசிவைத்ததா என்ன?

ஓவனின் மனைவி மார்த்தா டபிள்யூ.டபிள்யூ.எஃப். கம்பெனி மேல் வழக்குப் போட்டார். 2000-ல் ஏறக்குறைய 1.8 கோடி டாலருக்குச் சமரசம் ஆனது. அதில் ஒரு பங்கை வைத்துக் கணவர் பெயரில் அறக்கட்டளை தொடங்கினார். அந்தக் கம்பெனியின் 'ஹால் ஆஃப் ஃபேம்' கௌரவத்துக்கு மட்டும் அவர் சம்மதிக்கவில்லை. போட்டி நிறுவனமான ஏ.இ.டபிள்யூ. 2022-ல் ஓவன் பெயரில் கோப்பை நடத்தியபோது மேடைக்கு வந்தார். பிடிவாதக்காரி என்று திட்டும் ரசிகர்கள் இருக்கிறார்கள். எங்கள் சைட்டில் ஒருவன் விழுந்து, அவனை எடுத்துப்போன கையோடு கிரேனை மறுபடி ஓட்டியிருந்தால், அந்தக் கம்பெனி நீட்டும் மாலையை அவன் வீட்டுக்காரி வாங்குவாளா?

இப்படிக்கு,
கிரேன் ரிக்கர் ஒருவர், எண்ணூர்