பெல்லின் நாய்க்கும் நாலு வரி

ஆசிரியர் அவர்களுக்கு,

ஞாயிற்றுக்கிழமைச் சிறுவர் பக்கத்தில் கிரகாம் பெல் பற்றி எழுதியிருந்தீர்கள். 1847இல் எடின்பரோவில் பிறந்தது, 1876 மார்ச் 10ஆம் திகதி தொலைபேசிக் கம்பி வழியே உதவியாளர் வாட்சனைக் கூப்பிட்டது எல்லாம் சரி. நாயைக் காணவில்லையே? தொலைபேசி லைன் வேலை பார்த்து ஓய்வுபெற்றவன், கேட்காமல் இருக்க முடியவில்லை.

பெல்லின் தகப்பனார் பேச்சுப் பயிற்சி ஆசிரியர். பொடியன் பெல்லும் தமையனும் சேர்ந்து பேசும் தலை ஒன்றைச் செய்து, குழந்தைபோல் அழ வைத்தார்கள். அடுத்ததாக அகப்பட்டது வீட்டில் நின்ற ஸ்கை டெரியர் சாதி நாய், பெயர் ட்ரூவே. முதலில் பெல் அதை விடாமல் உறுமப் பழக்கினார். பிறகு வாயைப் பிடித்துத் திறந்து மூடி, தாடைக்குக் கீழே அழுத்தி, அந்த உறுமலைச் சொல்லாக்கினார். கூலி தீன். கடைசியில் ‘ஹவ் ஆர் யூ, கிராண்ட்மாமா’ என்பது ‘ஓ ஆ ஊ கா மா மா’ என்று வந்ததாம்.

ட்ரூவேயைக் கேட்டால் வேறு கதை சொல்லியிருக்கும்: “நான் உறுமினால்தான் இந்தப் பொடியனின் கை தீனுக்குப் போகும். அவனைப் பழக்க நான் பட்ட பாடு! தொண்டை என்னுடையது, மூச்சு என்னுடையது, கெட்டிக்காரன் பட்டம் மட்டும் அவனுக்கு. பாட்டியைச் சுகம் விசாரிக்க எனக்கென்ன தலையெழுத்து? அவ எனக்கு ஒரு எலும்பாவது போட்டிருப்பாவா?”

தீன் ஆசையில் நாய் தானாகவே பின்னங்காலில் எழும்பி நின்று அந்த வசனத்தைச் சொல்லப் பார்க்குமாம். கை படாவிட்டால் வெறும் உறுமல்தான். இதைப் பெல்லே சொல்லியிருக்கிறார். பின்னாளில் காது கேளாத பிள்ளைகளுக்குப் பேசப் பழக்கிய மனுஷன், வாய் அசைந்தால் ஒலி எப்படி மாறும் என்று இந்த நாயிடமும் படித்திருக்கிறார். அதற்காகவாவது நாலு வரி போட்டிருக்கலாம்.

கதையைக் கேட்ட என் பேரன், எங்கள் டைகரின் தாடையைப் பிடித்து ‘வணக்கம்’ சொல்ல வைக்க வெளிக்கிட்டான். டைகர் மலிபன் கிரீம் கிராக்கர் பிஸ்கட்டைப் பறித்துக்கொண்டு கட்டிலுக்குக் கீழே போய்விட்டது. மரைன் டிரைவ் பக்கம் ரயில் போனபோது ஒரு ஊளை விட்டது. அதுதான் வணக்கம் என்று பேரன் சாதிக்கிறான்.

அடுத்த முறை பெல்லின் படத்துக்குப் பக்கத்தில் ஒரு ஸ்கை டெரியர் படமும் போடுங்கள். கண்ணே தெரியாத அளவுக்கு மயிர் மூடிய முகம் அது. யாருடைய தாடி பெரிசு என்று பிள்ளைகள் பார்த்துச் சொல்லட்டும்.

ஓய்வுபெற்ற லைன்காரன்,
வெள்ளவத்தை, கொழும்பு 06.