மனை முதலீடு கற்பிப்பவரிடம் ஆவண எண்ணைக் கேளுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் ஞாயிற்றுக்கிழமைப் பதிப்பில், வீட்டுமனையில் முதலீடு செய்து மாத வருமானம் ஈட்டுவது எப்படி என்று கற்றுத்தருவதாகச் சொல்லும் பயிற்சி வகுப்புகளின் விளம்பரங்கள் சில மாதங்களாக அரைப் பக்க அளவுக்கு வந்துகொண்டிருக்கின்றன. பதிவுத் துறையில் முப்பத்தொரு ஆண்டுகள் பணியாற்றிச் சார்பதிவாளராக ஓய்வு பெற்றவன் நான். இவ்வகுப்புகளை நடத்துவோருக்கு அதற்கான தகுதி உண்டா என்பதை ஒரு சாதாரண வாசகர் எவ்வாறு அறிந்துகொள்ள முடியும் என்பது குறித்து எழுத விரும்புகிறேன்.

இரண்டு மாதங்களுக்கு முன் என் மருமகனின் வற்புறுத்தலால் அவருடன் அத்தகைய வகுப்பு ஒன்றுக்குச் சென்றிருந்தேன். நுழைவுக் கட்டணம் 99 ரூபாய். ஹோட்டல் அரங்கில் இருநூறு பேருக்குக் குறையாத கூட்டம். பயிற்சியாளர் சுவைபடப் பேசினார் என்பதை நான் மறுக்கவில்லை. தமக்கு நாற்பதுக்கும் மேற்பட்ட சொத்துகள் இருப்பதாகச் சொன்னார். திரையில் தம் காரையும் காட்டினார். அதன் பிறகு, “ஈ.சி. முப்பது வருஷத்துக்குச் சுத்தமா இருந்தா, கண்ணை மூடிக்கிட்டு வாங்கலாம்” என்றார். அவரது தகுதியைப் பற்றி எனக்கு வேறு சான்று தேவைப்படவில்லை.

ஈ.சி. எனப்படும் வில்லங்கச் சான்று பதிவு அலுவலகப் புத்தகத்தில் ஏறிய பரிவர்த்தனைகளின் பட்டியல் மட்டுமே. இறந்துபோன தந்தை எழுதி வைத்த உயில் அதில் தெரியாது. கையெழுத்திடாமல் விடப்பட்ட மகளின் பங்கும், நீதிமன்ற அனுமதி பெறாமல் விற்கப்பட்ட மைனரின் பங்கும் அதில் தெரியாது. நிலம் பஞ்சமி நிலமா (பட்டியலினத்தவருக்கென அரசு ஒதுக்கியது), கோயில் நிலமா, ஒரு காலத்தில் குளமாக இருந்து பிறகு மேடாக்கப்பட்டதா என்பதை அறிய வட்டாட்சியர் அலுவலகத்தில் நிலத்தின் வகையைக் காட்டும் அ-பதிவேட்டையும், அதன் எல்லைகளைக் காட்டும் புலப்பட வரைபடத்தையும், தேவைப்பட்டால் அறநிலையத் துறையின் ஆவணங்களையும் பார்த்தாக வேண்டும். எண்பதுகளில் நடந்த, நில உடைமைப் பதிவுகளைப் புதுப்பிக்கும் யு.டி.ஆர். பணியின்போது பட்டாவில் தவறாக ஏறிய ஒரு பெயரால் இரண்டு தலைமுறையாக நீதிமன்றத்துக்கு அலையும் குடும்பங்களை நான் அறிவேன். அந்த நிலங்களில் பலவற்றுக்கு வில்லங்கச் சான்று பளிங்கு போலச் சுத்தமாகவே இருக்கும். பத்திரம் பதிவாகிவிட்டது என்பதும் உரிமைக்கு உத்தரவாதம் ஆகாது. விற்பவருக்கு உண்மையில் உரிமை உண்டா என்று ஆராய்வது 1908-ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டப்படி பதிவு அலுவலரின் வேலையே இல்லை என்பதை, நம் மாநிலத்துப் பதிவு விதி ஒன்றைப் பற்றிய வழக்கில் உச்ச நீதிமன்றம் 2025 ஏப்ரலில் தெளிவாகவே கூறியிருக்கிறது. நிலம் வாங்கக் கற்றுத்தருகிறேன் என்று பணம் வாங்கும் ஒருவர் இந்த அடிப்படையைக் கூடச் சொல்லவில்லை என்றால், அவர் சொல்லும் மற்றவற்றைக் கேட்டு என்ன பயன்?

பெரும்பாலோர் வகுப்பு நடத்தும் ஆசிரியரை எடைபோடுவது அவரது சொத்துக் கணக்கை வைத்துத்தான். அது முற்றிலும் தவறான அளவுகோல் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் அந்தக் கணக்கை வாய்ச்சொல்லாக ஏற்கத் தேவையில்லை என்பதைப் பலர் அறிவதில்லை. நிலத்தைப் பொறுத்தவரை ஒவ்வொரு கிரயத்துக்கும் ஆவண எண், ஆண்டு, சார்பதிவாளர் அலுவலகம் என்ற மூன்று அடையாளங்கள் உண்டு. அவை தெரிந்தால் உரிய கட்டணம் செலுத்தி எவரும் நகல் பெறலாம். வில்லங்க விவரத்தைப் பதிவுத் துறையின் இணையதளத்தில் கட்டணமின்றியே பார்க்கலாம். ஆகவே நாற்பது சொத்துகளின் பட்டியலைக் கேட்க வேண்டாம். வாங்கி, வைத்திருந்து, விற்று முடித்த ஒரே ஒரு மனையின் ஆவண எண்ணைக் கேட்டால் போதும். என் மருமகன் அன்று எழுந்து நின்று இதைத்தான் கேட்டார். 48,000 ரூபாய் செலுத்தி மேல்நிலை வகுப்பில் சேருவோருக்கு மட்டும் அது காட்டப்படும் என்று பதில் வந்தது.

ஆவண எண் கிடைத்தாலும், வாங்கிய விலையும் விற்ற விலையும் மட்டும் தெரிந்தால் போதாது. அன்றைய வகுப்பில் திரையில் காட்டப்பட்ட கணக்கையே எடுத்துக்கொள்வோம். 30 லட்சத்துக்கு வாங்கிய மனை மூன்று ஆண்டுகளில் 36 லட்சத்துக்கு விற்றது, லாபம் 6 லட்சம், அரங்கம் கைதட்டியது. வாங்கும்போது முத்திரைத் தீர்வை 7 சதவீதமும் பதிவுக் கட்டணம் 2 சதவீதமும் சேர்த்து 2,70,000 ரூபாய் கட்டியாக வேண்டும் என்பது அந்தக் கணக்கில் இல்லை. அவரே பரிந்துரைத்தபடி 20 லட்சத்தைக் கடனாக வாங்கியிருந்தால், 9 சதவீத வட்டியில் ஆண்டுக்கு 1,80,000 வீதம் மூன்று ஆண்டுகளுக்கு 5,40,000 ரூபாய். விற்கும்போது தரகு 2 சதவீதம் என்றால் 72,000 ரூபாய். ஆக மொத்தம் 8,82,000 ரூபாய் செலவழித்து 6 லட்சம் லாபம் பார்த்திருக்கிறார்கள். வேலி போட்ட செலவையும், முள்செடி வெட்டிய கூலியையும், வருமான வரியையும் நான் சேர்க்கவில்லை. இந்தச் செலவுகளை எல்லாம் தாமாக முன்வந்து கரும்பலகையில் எழுதிக் காட்டுபவர் எவரோ அவரிடம்தான் கற்றுக்கொள்ள ஏதாவது இருக்கும். நஷ்டப்பட்ட ஒரு மனையைப் பற்றியும் அவர் பேசுவாரானால் இன்னும் நல்லது. நாற்பது மனை வாங்கியவருக்கு ஒன்றுகூடத் தவறவில்லை என்பதை, அத்தனை பத்திரங்களைப் பார்த்த நான் நம்பத் தயாராக இல்லை.

வகுப்பின் இறுதியில் மறுவாரம் பேருந்து ஒன்று புறப்படும் என்றும், புறநகரில் உள்ள ஒரு மனைப்பிரிவுக்கு மாணவர்கள் அழைத்துச் செல்லப்படுவார்கள் என்றும், அன்றே முன்பணம் கொடுப்போருக்குச் சதுர அடிக்கு ஐம்பது ரூபாய் குறையும் என்றும் அறிவித்தார்கள். வாங்குபவரையும் விற்பவரையும் எந்த ஊடகத்தின் வழியாகவேனும் அறிமுகப்படுத்தி அதற்காகக் கட்டணமோ தரகோ பெறுபவர், 2016-ஆம் ஆண்டு ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டத்தின்படி முகவர் ஆவார். பதிவு பெற வேண்டிய திட்டங்களில் அவர் ரெரா (அச்சட்டப்படி அமைந்த ஒழுங்குமுறை ஆணையம்) பதிவு இல்லாமல் செயல்பட்டால் நாளொன்றுக்கு 10,000 ரூபாய் வீதம் அபராதம் விதிக்கச் சட்டம் இடமளிக்கிறது. ஆசிரியர் என்ற பெயர்ப் பலகை இந்தக் கடமையிலிருந்து எவருக்கும் விலக்கு அளிக்காது. தமிழ்நாடு ரெராவின் இணையதளத்தில் அவர் பெயர் இருக்கிறதா, அவர் காட்டும் மனைப்பிரிவின் பெயர் இருக்கிறதா என்று பார்க்கப் பத்து நிமிடம் ஆகும். பெயர் இருந்தால் அவர் முறைப்படியான தரகர் என்று பொருள். அதற்காக அவர் நல்ல ஆசிரியர் ஆகிவிட மாட்டார். தாம் சிபாரிசு செய்யும் மனையில் தமக்கு எவ்வளவு கிடைக்கும் என்பதையும் அவர் அங்கேயே சொல்ல வேண்டும்.

பங்குச் சந்தையில் இந்த விஷயத்தில் ஓரளவு கட்டுப்பாடு வந்துவிட்டது. முதலீட்டு ஆலோசகர்கள் பங்குச் சந்தை ஒழுங்குமுறை அமைப்பான செபியிடம் பதிவு பெற வேண்டும். தேர்வு எழுதித் தேற வேண்டும். வகுப்பு என்ற பெயரில் பதிவின்றி ஆலோசனை வழங்கியதாக ஒரு பயிற்சியாளர் தரப்பு 17 கோடி ரூபாய்க்கு மேல் டெபாசிட் செய்ய வேண்டும் என்று 2023 அக்டோபரில் செபி உத்தரவிட்டது. கல்வி மட்டுமே அளிப்பவர்கள் அண்மைய மூன்று மாதங்களின் விலைத் தரவைக் காட்டிப் பாடம் நடத்தக் கூடாது என்று 2025 ஜனவரியில் அறிவித்தது. வீட்டுமனை செபியின் எல்லைக்குள் வராது. ரெரா கட்டுமான நிறுவனங்களையும் முகவர்களையும் கவனிக்கிறது. பாடம் மட்டும் நடத்துபவரைக் கவனிப்பதில்லை. மகாராஷ்டிரத்தில் முகவர்களுக்கே பயிற்சியும் தேர்வும் 2023-இல் கட்டாயமாக்கப்பட்டன என்பதைப் பார்க்கும்போது, முதலீட்டாளர்களை உருவாக்குவதாகச் சொல்லிக்கொள்ளும் ஆசிரியருக்கு எந்தத் தேர்வும் இல்லாதது விந்தையாக இருக்கிறது.

இது நம் ஊருக்கு மட்டும் உரிய நோயும் அல்ல. அமெரிக்காவில் ‘டிரம்ப் பல்கலைக்கழகம்’ என்ற பெயரில் நடந்த மனை முதலீட்டு வகுப்புகளும் இலவச அறிமுகக் கூட்டத்தில் தொடங்கி 35,000 டாலர் அளவிலான வகுப்பு வரை மாணவர்களை ஏற்றிச் சென்றன. ஆசிரியர்கள் அனைவரும் டிரம்ப்பால் நேரடியாகத் தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள் என்று விளம்பரம் செய்யப்பட்டது. அது உண்மையல்ல என்ற குற்றச்சாட்டு வழக்குகளின் மையமாக இருந்தது. 2016 நவம்பரில் 2.5 கோடி டாலருக்குச் சமரசம் செய்துகொண்டு அந்த வழக்குகள் முடிக்கப்பட்டன. அங்கும் சேர்ந்தவர்கள் ஆசிரியரின் பெயரைக் கேட்டே பணம் கட்டினார்கள்.

நேர்மையாகக் கற்பிப்பவர்களே இல்லை என்று நான் சொல்லவில்லை. உரிமையியல் வழக்கறிஞர்கள், ஓய்வுபெற்ற நில அளவையர்கள், வங்கியில் வீட்டுக் கடன் பிரிவில் இருந்தவர்கள் எனச் சிலர் சிறிய கட்டணத்தில் பத்திரம் படிக்கக் கற்றுத்தருகிறார்கள். அவர்களுக்கு விற்க மனை இல்லை; அதனால் அரைப் பக்க விளம்பரம் கொடுக்கப் பணமும் இல்லை. (பதிவு அலுவலகத்தில் பணியாற்றியதால் என்னை முதலீட்டு நிபுணர் என்று எவரும் எண்ணிவிட வேண்டாம். என்னிடம் இருப்பது ஒரே ஒரு வீடு. அதற்கும் சென்ற ஆண்டுதான் கடன் முடிந்தது.)

தவறான விளம்பரத்துக்கு 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்கலாம். பாதிக்கப்பட்டோர் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் முறையிடலாம். ஆனால் அது பணம் போன பிறகு செய்வது. அதற்கு முன் செய்யக்கூடியது தங்கள் கையில் இருக்கிறது. மனை முதலீட்டு வகுப்பின் விளம்பரத்தை ஏற்கும்போது, நடத்துபவருக்கு ரெரா பதிவு எண் உண்டா, வகுப்பில் காட்டப்படும் மனைகளில் அவருக்குத் தரகு உண்டா என்ற இரண்டு விவரங்களை எழுத்தில் பெற்று, விளம்பரத்தின் அடியில் ஒரு வரியாக அச்சிடும்படி தங்கள் விளம்பரப் பிரிவுக்கு அறிவுறுத்த வேண்டுகிறேன். அந்த வரியைத் தர மறுப்பவரின் விளம்பரத்தைத் தாங்கள் திருப்பி அனுப்ப வேண்டும் என்பதும் என் கோரிக்கை.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகன்,
ஓய்வுபெற்ற சார்பதிவாளர்,
திருச்சிராப்பள்ளி.