ராயக்கோட்டை சாலையில் எங்கள் பிள்ளைகளுக்குத் துணை நின்றோருக்கு நன்றி

கிருஷ்ணகிரி நகரப் பெருமக்கள் அனைவருக்கும் பணிவான வணக்கம்.

ராயக்கோட்டை சாலையை ஒட்டியுள்ள எங்கள் அரசு நடுநிலைப் பள்ளிக்கு நடந்தும், மிதிவண்டியிலும், ஆட்டோவிலும் வரும் பிள்ளைகள் இந்தக் கல்வியாண்டு முழுவதும் சிறு காயமும் இன்றிச் சாலையைக் கடந்து சென்று வந்திருக்கிறார்கள். இதற்குத் துணை நின்றவர்களில் பலர் யாரும் கேட்காமலேயே முன்வந்தவர்கள். சிலர் தங்கள் அன்றாட வருமானத்தில் ஒரு பங்கை விட்டுக்கொடுத்தவர்கள். பள்ளி மேலாண்மைக் குழுவின் சார்பிலும் பெற்றோர் அனைவரின் சார்பிலும் அவர்களுக்கு நன்றி கூறவே இம்மடலை எழுதுகிறேன்.

முதல் நன்றி, சென்ற ஆண்டு எங்கள் நான்காம் வகுப்பு மாணவி ஒருத்தி இருசக்கர வாகனம் மோதிக் கால் எலும்பு முறிந்து கிடந்தபோது ஓடி வந்தவர்களுக்கு உரியது. பெட்ரோல் பங்க் ஊழியர் ஒருவர் வண்டிகளை மறித்து நிற்க, கல்லூரி மாணவர் ஒருவர் 108-ஐ அழைத்தார். பூ விற்கும் அம்மா ஒருவர் குழந்தையின் தலையைத் தம் மடியில் ஏந்தி, காலை அசைக்க விடாமல் பார்த்துக்கொண்டார். விபத்தில் சிக்கியவருக்கு நல்லெண்ணத்துடன் உதவுபவரைக் காக்கும் 134ஏ பிரிவு, 2019ஆம் ஆண்டுத் திருத்தத்தின் மூலம் மோட்டார் வாகனச் சட்டத்தில் சேர்க்கப்பட்டுள்ளது. ஆயினும் காவல் நிலையம், நீதிமன்றம் என்று அலைய நேருமோ என்ற அச்சம் மக்களிடம் இன்னும் விலகவில்லை. அந்த அச்சத்தையும் மீறி வந்தவர்கள் இவர்கள். விபத்துக்குப் பிந்தைய முதல் 48 மணி நேரச் சிகிச்சையைக் கட்டணமின்றி அளிக்கும் 'இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48' திட்டத்தைப் பற்றிப் பெற்றோருக்கு எடுத்துக் கூறிய செவிலியருக்கும் நாங்கள் கடன்பட்டுள்ளோம். அந்தக் குழந்தை இப்போது நன்றாக நடக்கிறாள்.

அடுத்து, பள்ளி வாயிலருகே பல ஆண்டுகளாகத் தள்ளுவண்டியில் கொய்யாப்பழமும் வெள்ளரியும் விற்று வந்த பெரியவருக்கு நான் சற்று விரிவாக நன்றி சொல்ல வேண்டும். பிள்ளைகள் சாலையைக் கடக்கும் இடத்தை ஒட்டியே அவருடைய வண்டி நின்றது. மூன்றாம் வகுப்புப் பிள்ளையின் தலை, அடுக்கி வைத்த பழக்குவியலின் உயரத்துக்குக்கூட எட்டாது. மேலே கட்டிய தார்ப்பாயும் சேர்ந்து மறைத்துவிடும். வண்டியைத் தாண்டி ஓரடி எடுத்து வைத்த பிறகுதான் அப்படி ஒரு பிள்ளை வருவதே ஓட்டுநரின் கண்ணுக்குத் தெரியும். மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் வரும் வாகனம் ஒரே நொடியில் ஏறத்தாழ 14 மீட்டர் தூரம் ஓடிவிடும் என்பதால், ஓட்டுநர் பிரேக்கில் கால் வைப்பதற்குள் எல்லாம் முடிந்துவிடக்கூடும். இதை நாங்கள் தயங்கித் தயங்கி எடுத்துச் சொன்னபோது அவர் ஒரு வார்த்தையும் மறுத்துப் பேசவில்லை. மறுநாள் காலையிலேயே வண்டியைப் பள்ளியின் பின்பக்கத் தெருவுக்கு மாற்றிக்கொண்டார். அங்கே வியாபாரம் பாதியாகக் குறைந்தது என்பது எங்களுக்குத் தெரியும். எந்த அரசாணையும் இன்றி, யாருடைய மிரட்டலும் இன்றி, சொந்தப் பிழைப்பைக் குறைத்துக்கொண்டு அவர் செய்ததை இந்த ஆண்டு கிடைத்த உதவிகளிலேயே மிகப் பெரியதாக நான் கருதுகிறேன். அவரைத் தொடர்ந்து, தம் கடைக்கு முன்னால் இருசக்கர வாகனங்களை நிறுத்த விடாமல் பார்த்துக்கொண்ட தேநீர்க் கடைக்காரருக்கும் எங்கள் நன்றி.

ஆட்டோ ஓட்டுநர்களின் உதவியும் சாதாரணமானதன்று. பள்ளிப் பேருந்துகளுக்கு 2012ஆம் ஆண்டு முதல் தமிழ்நாட்டில் தனிச் சிறப்பு விதிகள் உள்ளன. ஆண்டுதோறும் பள்ளி திறக்கும் முன் அதிகாரிகள் கூட்டாக ஆய்வும் செய்கிறார்கள். அரசுப் பள்ளிப் பிள்ளைகள் ஏறிவரும் ஆட்டோவுக்கு அப்படிப்பட்ட ஆய்வு இல்லை என்பதால், ஓட்டுநரின் மனசாட்சியை நம்பியே பிள்ளைகளை அனுப்புகிறோம். ஓட்டுநர் இருக்கையின் இருபுறமும் பிள்ளைகளை உட்கார வைப்பதில்லை என்றும், ஒரே நடையில் நெருக்கி ஏற்றாமல் இரண்டு நடையாக அழைத்து வருவதென்றும் அவர்கள் தாங்களாகவே முடிவு செய்தார்கள். கூடுதல் எரிபொருள் செலவை முழுவதும் பெற்றோர் தலையில் ஏற்றவும் இல்லை. முதல் நடையில் வரும் பிள்ளைகள் தெருவில் காத்து நிற்கக் கூடாது என்பதற்காக வழக்கத்தைவிட முன்னதாகவே வந்து வாயிலைத் திறந்து வைத்த தலைமையாசிரியருக்கும் தூய்மைப் பணியாளர் அக்காவுக்கும் எங்கள் மனமார்ந்த நன்றி.

மழையிலும் வெயிலிலும் காலை, மாலை இரு வேளையும் கைகாட்டி நின்று வாகனங்களை நிறுத்திய போக்குவரத்துக் காவலர்களுக்கும், போக்குவரத்து அடங்கிய நள்ளிரவில் வந்து வேகத்தடைக்கும் கடக்குமிடத்துக்கும் வெள்ளைக் கோடு போட்டுத் தந்த நெடுஞ்சாலைப் பணியாளர்களுக்கும் நன்றி.

நிறைவாக, மாங்காய் லோடு ஏற்றிச் செல்லும் லாரி, டிராக்டர் உரிமையாளர்களுக்கும் ஓட்டுநர்களுக்கும். நம் மாவட்டத்தில் பள்ளி திறக்கும் ஜூன் மாதமும், பெங்களூரா ரக மாங்காய், கூழ் ஆலைகளுக்குப் போகும் பருவமும் ஒன்றாகவே வருகின்றன. தாமதமானால் ஆலை வாசலில் வரிசை நீளும், காய் கனிந்து விலை இறங்கும் என்ற நெருக்கடி இருந்தும், பள்ளி தொடங்கும் நேரத்திலும் விடும் நேரத்திலும் எங்கள் வாயில் வழியே வராமல் வண்டிகளை நிறுத்தி வைத்து அனுப்பினீர்கள். வரும் ஜூனிலும் அதே ஏற்பாட்டைத் தொடர அன்புடன் வேண்டுகிறோம். கடக்குமிடத்தில் காவலருடன் நின்று பிள்ளைகளை அழைத்துச் செல்ல, தாய்மார் முறை வைத்து வருவதற்கான பட்டியல் தயாராகிவிட்டது. பருவம் தொடங்கும் முன் உங்கள் சங்கத்தாரை நேரில் சந்தித்து, பள்ளி நேரத்தைத் தெரிவித்துச் செல்கிறோம்.

இப்படிக்கு,
நன்றியுடன்,
தலைவர், பள்ளி மேலாண்மைக் குழு,
கிருஷ்ணகிரி.