மேசைக்குச் சாப்பாடு சொல்ல வேண்டிய மகளுக்கு

கல்லடி,
மட்டக்களப்பு.

அன்புள்ள மகளுக்கு,

நீயும் மருமகனும் சுகமாக இருப்பதாக எழுதியிருந்தது எங்களுக்கு நிம்மதியைத் தந்தது. இங்கே அம்மாவும் நானும் சுகம். மழை தொடங்கி வாவியில் தண்ணீர் ஏறியிருக்கிறது. அதைத் தவிர வேறு விசேஷம் இல்லை.

உன்னோடு வேலை செய்பவர்கள் மாதத்துக்கு ஒரு தடவை இங்கிலாந்தில் நீ இருக்கும் நகரத்து இந்திய உணவகத்துக்குப் போவதாகவும், போய் உட்கார்ந்ததும் உணவுப் பட்டியலை உன் கையில் கொடுத்து எல்லாருக்கும் நீயே சொல் என்று விட்டுவிடுவதாகவும், அந்தப் பட்டியலில் உள்ள பெயர்களில் பாதியை நீயே அங்கேதான் முதன்முதலாகக் கண்டதாகவும் எழுதியிருந்தாய். இதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. புட்டும் சொதியும் மீன்கறியும் உண்டு வளர்ந்த பிள்ளைக்கு ஜால்ஃப்ரேசி என்ற கறி தெரிந்திருக்க வேண்டிய அவசியம் இல்லை. ஆனால் கட்டாரில் ஹோட்டல் குசினியில் பஞ்சாபிகளுக்கும் வங்காளதேசத்துச் சிலெற்காரருக்கும் பக்கத்தில் நின்று வேலை செய்த உன் அப்பாவுக்கு அது நன்றாகத் தெரியும். ஆகையால் தொலைபேசியில் சொல்லி முடிக்காமல் ஆறுதலாக எழுதுகிறேன்.

முதலில் அந்தக் குசினியில் நிற்பவர் யார் என்று அறிந்துகொள். இங்கிலாந்தில் இந்திய உணவகம் என்ற பெயரில் இருக்கும் கடைகளில் மிகப் பலவற்றை நடத்துபவர்கள் வங்காளதேசத்தவர்கள். அவர்களிலும் பெரும்பகுதியினர் சிலெற் பகுதியைச் சேர்ந்தவர்கள். பிரித்தானியக் கப்பல்களில் கூலிக்கு வேலை செய்த சிலெற் மாலுமிகள் லண்டனில் இறங்கித் தங்கி, சின்னச் சின்னத் தேநீர்க் கடைகளில் தொடங்கி, இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு ஊருக்கு ஒரு கடையாகப் பரப்பிய தொழில் அது. அவர்களுக்கு முன்பும் முயன்றவர்கள் உண்டு. பாட்னாவில் பிறந்த சேக் தீன் முகமது 1810 இல் லண்டனில் ஓர் இந்திய உணவகத்தைத் திறந்து, இரண்டு வருடங்களில் கடன்பட்டு நொடித்துப் போனார். 1926 இல் திறக்கப்பட்ட வீராசாமி உணவகம் பணக்காரருக்கும் இந்தியாவில் வேலை பார்த்துத் திரும்பிய வெள்ளைக்காரருக்கும் உரிய இடமாக இருந்தது. சாதாரண மனிதன் வேலை முடிந்து வந்து சாப்பிடும் கடையை உண்டாக்கியவர்கள் சிலெற்காரர்களே. அவர்களுடைய பட்டியலைப் பார்த்து இது இந்தியச் சாப்பாடே அல்ல என்று முகம் சுளிப்பவர்களை நான் நிறையக் கண்டிருக்கிறேன். நீ அப்படிச் செய்யாதே. அது அந்த நாட்டில், அந்தக் குளிரில், அங்குள்ளவர்களின் நாவுக்காக ஒரு கூட்டம் உழைத்து உருவாக்கிய சமையல். அதற்கென்று ஒரு முறை இருக்கிறது.

அந்த முறையை விளங்கிக்கொண்டால் பட்டியல் தானாக விளங்கும். நம்முடைய ஊர்ச் சாப்பாட்டுக் கடையில் பகல் பதினொரு மணிக்குள் சோறும் கறிகளும் இறக்கப்பட்டுவிடும். ஒவ்வொரு கறியும் தன் சட்டியில், தனக்குரிய தூளோடும் தேங்காய்ப்பாலோடும் தொடக்கத்திலிருந்து ஆக்கப்பட்டதாக இருக்கும். வருபவர் இருப்பதைச் சாப்பிட்டுப் போவார். அங்கேயோ பட்டியலில் ஐம்பது அறுபது பெயர்கள் இருக்க, ஆறு பேர் ஆறு விதமாகக் கேட்க, எல்லாம் சூடாக ஒரே நேரத்தில் மேசைக்கு வர வேண்டும். அதற்காகவே காலையில் மூடைக் கணக்கில் வெங்காயத்தை வெட்டி, உள்ளி, இஞ்சி, கொஞ்சம் தக்காளி, எண்ணெய், மஞ்சள், மல்லி, சீரகம் சேர்த்து, வெங்காயம் உருத் தெரியாமல் கரையும் வரை பெரிய பானையில் அவித்து அரைத்து ஒரு குழம்பு எடுத்து வைப்பார்கள். எங்கள் குசினியில் இந்தப் பானை இறங்காமல் வேறு எந்த வேலையும் தொடங்காது.

மாலையில் ஒரு கறிக்குச் சீட்டு வந்ததும் தாச்சி அடுப்பில் ஏறும். எண்ணெய் புகையத் தொடங்கும் நேரத்தில் இஞ்சி உள்ளி விழுதும், பின்னால் தக்காளி விழுதும், ஒரு கரண்டி கலவைத் தூளும் விழும். தூள் கருகுவதற்கு முன் பானையிலிருந்து ஓர் அகப்பைக் குழம்பை ஊற்றுவார்கள். அது தாச்சியின் ஓரங்களில் ஒட்டிப் பொரிந்து நிறம் மாறும்போது சுரண்டி நடுவுக்குக் கொண்டுவந்து, மறுபடி ஓர் அகப்பை, மறுபடியும் சுரண்டல். எண்ணெய் பிரிந்து மேலே மினுங்கிய பிறகு இறக்கினால் கறி சரியாக இருக்கும். கூட்டம் நெரிகிறது என்று அவசரப்பட்டு அதற்கு முன் இறக்கினால் பச்சைத் தூள் மணக்கும். வெள்ளி, சனி இரவுகளில் போனால் பெரும்பாலும் அந்தப் பச்சை மணத்தோடுதான் கறி வரும். ஆகையால் உன் கூட்டத்தை ஒரு செவ்வாய் அல்லது புதன்கிழமைக்கு மாற்றிப் பார்.

இனிப் பெயர்களைப் பார்ப்போம். அதே குழம்பில் பாலாடையும் அரைத்த பாதாமும் அல்லது தேங்காயும் சேர்ந்தால் கோர்மா. மிளகாய்த்தூளும் தக்காளியும் கூடினால் மெட்ராஸ். கொச்சிக்காய், குடைமிளகாய், வெங்காயம் வதங்கிச் சேர்ந்தால் ஜால்ஃப்ரேசி. வெங்காயத்தை இரண்டு கட்டமாகச் சேர்த்தால் தோப்பியாசா. பருப்போடு புளிப்பும் இனிப்பும் கூடினால் தான்சாக். விண்டாலு என்பது போர்த்துக்கீசர் கோவாவுக்குக் கொண்டுவந்த வினாகிரியும் உள்ளியும் சேர்ந்த இறைச்சிச் சமையலிலிருந்து வந்தது. அந்தக் கடைகளில் அது உறைப்பு மிகக் கூடிய கறிக்குப் பெயராகிவிட்டது. இவற்றில் மூன்றைச் சொல்லி மேசையில் வைத்தால் நீங்கள் ஒரே பானையை மூன்று நிறத்தில் சாப்பிடுகிறீர்கள் என்றுதான் பொருள். எல்லாம் ஒரே ருசியாக இருக்கிறது என்று நீ எழுதியதற்குக் காரணம் இதுதான். சமையற்காரரைக் குறை சொல்ல இடமில்லை, சொன்ன விதத்தை மாற்ற வேண்டும்.

ஆறு பேருக்கு நான் சொல்வதென்றால், குழம்புக் கறி ஒன்று, மிஞ்சினால் இரண்டு. அதற்கு மேல் வேண்டாம். தந்தூர் அடுப்பில் சுட்டது ஒன்று கட்டாயம் இருக்க வேண்டும். எலும்போடு சுட்ட கோழியோ ஆட்டு விலா இறைச்சியோ நல்லது. தாளித்த பருப்பு ஒன்று, வெண்டிக்காய் அல்லது பூக்கோவா உருளைக்கிழங்குப் பிரட்டல் ஒன்று, தயிர், சோறு, நாண். பப்படத்தையும் பொரியல் வகைகளையும் தொடக்கத்தில் நிறையச் சொல்லிவிட்டால் கறி வரும்போது வயிறு நிரம்பியிருக்கும். ஆளுக்கு ஒரு கோப்பைக் கறி என்று பிரித்து வைத்துக்கொண்டு தனித்தனியாகச் சாப்பிடுவது அங்கே வழக்கமாம். நடுவில் வைத்து எல்லாரும் எடுக்கும்படி நீ முதலில் பரிமாறித் தொடங்கி வை, மற்றவர்களும் பழகிவிடுவார்கள்.

தந்தூரைப் பற்றிக் கொஞ்சம் கூடச் சொல்ல ஆசை. எங்கள் குசினியில் அந்த அடுப்புக்குப் பொறுப்பாக இருந்த பஞ்சாபிக்காரர் வேறு எந்த வேலையும் செய்ய மாட்டார், வேறு எவரையும் அடுப்பைத் தொட விடவும் மாட்டார். மாவை இரு கைகளிலும் மாற்றி மாற்றித் தட்டி, துணி சுற்றிய ஒரு சின்னத் தலையணையில் விரித்து, முழங்கை மறையக் கையை உள்ளே விட்டு மண்சுவரில் ஓர் அறை அறைவார். ஒரு நிமிடம்கூட ஆகாது. மேற்பக்கம் கொப்பளித்து ஆங்காங்கே கருகியதும், ஒரு கையில் கொளுக்கியும் மறு கையில் சுரண்டியுமாக இரண்டு நீண்ட கம்பிகளால் அதைப் பெயர்த்து எடுப்பார். அவருடைய முன்கைகளில் மயிர் முளைத்ததை நான் கண்டதில்லை. நாண் மேசைக்கு வந்ததும் பேச்சை நிறுத்திவிட்டுப் பிய்த்துச் சாப்பிட வேண்டும். ஆறினால் தோல்போல் இழுக்கும்.

இன்று உலகம் முழுக்க இந்திய உணவகம் என்றால் தந்தூரும் பட்டர் சிக்கனும் நினைவுக்கு வருவதற்கு 1947 இன் பிரிவினையும் ஒரு காரணம். பெஷாவரிலிருந்து அகதிகளாக டெல்லிக்கு வந்தவர்கள் தரியாகஞ்சில் திறந்த மோத்தி மகால் உணவகத்தோடு இந்தச் சமையல் பரவியது. பட்டர் சிக்கனை முதலில் ஆக்கியவர் யார் என்று அவர்களின் வழிவந்தவர்களுக்கிடையே 2024 இல் டெல்லி உயர் நீதிமன்றம் வரை வழக்குப் போயிருக்கிறது. சிக்கன் டிக்கா மசாலாவோ பிரித்தானியாவில் நிலைபெற்றது. 2001 இல் அந்நாட்டு வெளிநாட்டமைச்சர் ரொபின் குக் அதைப் பிரித்தானியாவின் உண்மையான தேசிய உணவு என்றே பேசினார். வீடு இழந்தவர்களும் கப்பலேறியவர்களும் வயிற்றுப்பாட்டுக்காக உண்டாக்கிய சாப்பாடு இது என்பதை உன் நண்பர்களுக்கும் சொல். கேட்க விருப்பப்படுவார்கள்.

சென்ற மாதம் அம்மாவை அழைத்துக்கொண்டு நானும் இங்கே நகரத்தில் வட இந்தியச் சாப்பாடு கொடுக்கும் ஓர் உணவகத்துக்குப் போனேன். பட்டர் சிக்கனை ஒரு வாய் வைத்ததும் கறிக்குள் சீனி போட்டிருக்கிறார்கள் என்று அம்மா கோப்பையை என் பக்கம் தள்ளிவிட்டார்; தாளித்த பருப்பை மட்டும் நாணோடு விரும்பிச் சாப்பிட்டார். அன்று எங்கள் மேசையில் மிகச் சிறந்தது, தயிரும் கடுகெண்ணெயும் மசாலாவும் பூசிச் சுட்ட கொடுவா மீன்தான். முறை வட நாட்டு முறை, மீன் நம்முடைய வாவி மீன். இரண்டும் அவ்வளவு பொருந்தி வந்தன. நீயும் அங்கே அன்றைக்கு நல்லதாக வந்த மீன் அல்லது இறைச்சி எது என்று கேட்டு, அதைச் சுட்டுத் தரச் சொல்.

இன்னொன்றையும் கேள். சிலெற்காரர்கள் நம்மைப் போலவே சோறும் மீனும் உண்பவர்கள். கருவாட்டை அவர்கள் சுட்கி என்பார்கள், அதை வெங்காயமும் கொச்சிக்காயும் போட்டு ஆக்கினால் அதன் வாசம் எனக்கு நம் வீட்டு வாசமாகவே இருந்தது. சாத்கோரா என்று ஒரு புளிப்புக் காயைத் தோலோடு கறியில் போடுவார்கள். கட்டாரில் இரவு வேலை முடிந்து அவர்கள் தங்களுக்கென்று ஆக்கியதைப் பகிர்ந்து உண்டவன் நான். கடைப் பட்டியலில் இருந்த எதுவும் அதற்குக் கிட்டவும் வராது. கூட்டம் குறைந்த ஒரு நாளில், “நானும் மீனும் சோறும் உண்டு வளர்ந்தவள், இன்று உங்களுக்கு என்ன ஆக்கியிருக்கிறீர்கள்” என்று பரிமாறுபவரிடம் மரியாதையாகக் கேட்டுப் பார். இல்லை என்றால் குறை இல்லை. இருந்தால் உன் மேசைக்கு வேறு எவருக்கும் கிடைக்காத சாப்பாடு கிடைக்கும்.

உன் கூட்டத்தில் ஒருவருக்குக் கொட்டைகள் ஒத்துக்கொள்ளாது என்று எழுதியிருந்தாய். இதை இலேசாக எடுக்காதே. கோர்மாவில் பாதாம் அல்லது கஜு இருக்கும். குழம்பு செழிப்பாக வரவேண்டும் என்று வேறு கறிகளிலும் கஜு அரைத்து விடுவார்கள். 2014 முதல் அந்த நாட்டு உணவகங்கள் ஒவ்வாமை தரக்கூடிய 14 பொருள்களைப் பற்றிக் கேட்பவருக்குச் சொல்லியே ஆக வேண்டும் என்று சட்டம் இருக்கிறது. சாப்பாடு சொல்வதற்கு முன்பே கேள், வந்த பிறகு கேட்காதே. ஒரே கரண்டி பல தாச்சிகளுக்கும் போகும் குசினியில் நின்றவன் என்பதால் சொல்கிறேன்.

காசு கொடுக்கும்போது பரிமாறியவருக்கும் குசினிக்கும் சேர்த்து ஏதாவது வைத்துவிட்டு வா. நான் வேலை செய்த ஓர் இடத்தில் மேசையில் வைத்த பணம் ஒரு நாளும் எங்களிடம் வந்து சேரவில்லை. உங்கள் நாட்டில் 2024 ஒக்டோபரிலிருந்து அந்தப் பணம் முழுவதும் வேலையாட்களுக்கே போக வேண்டும் என்று சட்டம் வந்திருப்பதை அறிந்தபோது எனக்கு உண்மையிலேயே சந்தோசமாக இருந்தது.

இது உன் ஊர்ச் சாப்பாடுதானே என்று அவர்கள் கேட்டால், இல்லை என்று சிரித்தபடி சொல்லிவிடு. வறுத்து இடித்த சரக்குத்தூள், தேங்காயின் முதற்பால், ரம்பை இலை, கறிவேப்பிலை, கறுவா என்று நம்முடையது வேறு. அதை அவர்களுக்குக் காட்ட ஆசையென்றால் லண்டனுக்குப் போகும்போது ஈஸ்ட் ஹாம் அல்லது டூட்டிங் பக்கம் நம்மவர்களின் கடைகளுக்குக் கூட்டிப் போ. இல்லாவிட்டால் நீயே வீட்டில் ஓர் இறால் கறியும் பருப்பும் பால்சொதியும் ஆக்கி அழை. உறைப்பை மட்டும் பாதியாகக் குறை.

அடுத்த தடவை போகும் நாள் தீர்மானமானதும் அந்தப் பட்டியலைப் படம் எடுத்து அனுப்பு. எவற்றைச் சொல்லலாம் என்று பார்த்து எழுதுகிறேன். அம்மா சரக்குத்தூள் இடித்து வைத்திருக்கிறார். மாமியின் மகன் தை மாதம் அங்கே வருகிறான், அவனிடம் கொடுத்துவிடுகிறோம்.

இப்படிக்கு,
அன்புள்ள அப்பா