முதல் பக்கத்தை விட்டு நான்காம் பக்கத்துக்கு வாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

ஞாயிறு இணைப்பில், இரண்டாம் உலகப் போரில் வேவுப் பிரிவில் இருந்த ஒரு ஜெர்மானியச் சிப்பாயின் சம்பளப் புத்தகத்தை (சிப்பாய் கூடவே வைத்திருந்த ராணுவ அடையாள ஏடு) பற்றிய கட்டுரை படித்தேன். முதல் பக்கத்தின் படம் தெளிவாகவே அச்சாகியிருக்கிறது. அதிலுள்ள அடையாளத் தகட்டு வரியை (சிப்பாய் கழுத்தில் அணியும் தகட்டில் பொறித்திருப்பதன் படி) வைத்து, போர் முழுக்க அவர் ஒரு குதிரைப்படை ஆள்நிரப்புப் பிரிவில் (புதியவர்களைப் பயிற்றி முனைக்கு அனுப்பும் பிரிவு) இருந்ததாகக் கட்டுரையாளர் முடிவுகட்டிவிட்டார். அது தவறு. இந்தப் புத்தகங்களைப் புதிதாகப் புரட்டுகிறவர்கள் பெரும்பாலும் சறுக்கும் இடமும் இதுதான்.

நடுவே துளையிட்ட அந்த முட்டைவடிவத் தகட்டில் இருப்பது, தகட்டைக் கொடுத்த பிரிவின் பெயர். பெரும்பாலும் ஆள் படையில் சேர்ந்தபோது முதலில் போய் நின்ற இடம், அவ்வளவுதான். பிறகு எத்தனை பிரிவு மாறினாலும், தகடு தொலைந்தால் ஒழிய மாற்ற மாட்டார்கள்.

சண்டை போட்ட பிரிவைத் தேட வேண்டியது நான்காம் பக்கத்தில். அங்கே மூன்று பகுதிகள்: புத்தகத்தை வழங்கிய ஆள்நிரப்புப் பிரிவு, களப் பிரிவு (முனையில் சண்டையிட்டது), இப்போது பொறுப்பேற்றுள்ள ஆள்நிரப்புப் பிரிவு. பிரிவு மாறும்போது பழைய பெயரைக் கோடிட்டு அடித்து, கீழே புதியதை எழுதுவார்கள். அடித்திருப்பதைப் பிழையென்று தள்ளிவிடாதீர்கள். அவர் வாழ்க்கை அந்தக் கோடுகளுக்கு அடியில்தான் இருக்கிறது. சாய்கோட்டுக்கு முன்னால் புள்ளியோடு வரும் எண் கம்பெனி அல்லது (குதிரைப்படை வழியில்) ஸ்க்வாட்ரன். பின்னால் வருவது அதற்கு மேலுள்ள பட்டாலியன் அல்லது ரெஜிமென்ட்டின் பெயரும் எண்ணும்.

வேவுக்காரர்கள் விஷயத்தில் இன்னொரு சிக்கல். காலாட்படை டிவிஷன்களின் வேவுப் பிரிவுகள் போரின் நடுவில் பெயர் மாறின. பல இடங்களில் டாங்கி எதிர்ப்புப் பிரிவோடு சேர்த்து 'ஷ்நெல்ல அப்டைலுங்' (விரைவுப் பிரிவு) என்றார்கள். 1943-லிருந்து 'ஃபியூஸிலியர் பட்டாலியன்' ஆக்கினார்கள். டாங்கி டிவிஷன்களில் மோட்டார் சைக்கிள் பட்டாலியனும் வேவுப் பிரிவும் ஒன்றாகி, கடைசியில் வேவுப் பிரிவு என்ற பெயரே நிலைத்தது. ஆகவே மூன்று பெயர் இருந்தால் மூன்று இடமாற்றம் என்று எண்ணிவிடக் கூடாது. ஆள் அங்கேயே இருந்தார், பெயர்ப்பலகைதான் மாறியது. பதவிப் பெயர்களும் துப்புக் கொடுக்கும். ஹௌப்ட்மன் (கேப்டன்) என்பதற்குப் பதில் ரிட்மைஸ்டர் என்றிருந்தால் அது குதிரைப்படை வழிவந்த பிரிவு. ஃபெல்ட்வேபல் (சார்ஜென்ட் நிலை) என்பதற்குப் பதில் வாக்ட்மைஸ்டர் என்றிருந்தாலும் அப்படி இருக்கலாம், ஆனால் அந்தப் பெயர் பீரங்கிப்படையிலும் உண்டு.

களத்தில் குத்திய முத்திரைகளில் பிரிவின் பெயர் இருக்காது, ஐந்து இலக்கக் களஅஞ்சல் எண் மட்டுமே இருக்கும். பிரிவு எதுவென்று எதிரிக்குத் தெரியக் கூடாது என்பதற்காகச் செய்தது. இந்த எண்களுக்குப் பட்டியல்கள் உண்டு. ஆனால் ஒரே எண் வெவ்வேறு காலத்தில் வெவ்வேறு பிரிவுக்குப் போயிருக்கும். முத்திரைக்குப் பக்கத்திலுள்ள தேதியோடு சேர்த்துத்தான் பார்க்க வேண்டும்.

சம்பளப் புத்தகம் என்று பெயர் இருந்தாலும், சம்பளத்தைவிட மற்றப் பக்கங்கள்தான் அதிகம் பேசும். 12, 13-ஆம் பக்கங்களில் மருத்துவமனை: சேர்ந்த நாள், வெளியேறிய நாள், நோயின் பெயருக்குப் பதில் ஓர் எண். முத்திரையிலுள்ள ஊர் அன்றைய ஜெர்மன் பெயரில் இருக்கும். பிரெஸ்லாவ் என்றால் இன்றைய போலந்தின் விரோட்ஸ்வாஃப். கடைசிப் பக்கங்களில் விடுப்பு. கிழக்கு முனையிலிருந்து (சோவியத் போர்முனை) ஊருக்குத் திரும்பியவர்களின் புத்தகத்தில் பேன் ஒழித்ததற்கான முத்திரைகூட இருக்கும். சிரிப்பு வரும், ஆனால் அன்று அவர் எந்த வழியாக வந்தார் என்பதற்கு அதைவிட நல்ல சாட்சி கிடைப்பது அரிது.

22-ஆம் பக்கம் விருதுகள். சந்தையில் விலையேற்றுவதற்காகப் போலிக்காரர்கள் முதலில் கைவைப்பது இங்கேதான். கிழக்குக் குளிர்காலப் பதக்கம் 1942 மே 26-இல்தான் உருவாக்கப்பட்டது. அதற்கு முந்தைய தேதியில் வழங்கியதாக எழுதியிருந்தால் சந்தேகப்படுங்கள். காயப் பதக்கம் இருந்து மருத்துவமனைப் பக்கம் காலியாக இருந்தாலும் யோசிக்க வேண்டும். சிறு காயத்துக்குக் களத்திலேயே கட்டுப் போட்டிருக்கலாம் என்பதால், அதை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்லாதீர்கள். கவச வண்டியில் வேவு போனவருக்கு வெண்கலத்தில் டாங்கிப் போர்ச்சின்னம் கொடுத்தார்கள். அது 1940 ஜூனில் வந்தது. பால்பாயின்ட் பேனா எழுத்தைக் கண்டால் மேலே படிக்கவே வேண்டாம்.

கையெழுத்து பழைய ஜெர்மன் பாணி. அதில் 'e' என்னும் எழுத்து 'n' போலத் தெரியும். ஊர்ப்பெயர்கள் தவறாகப் படிக்கப்படுவதற்குப் பாதிக் காரணம் இதுதான்.

போர்களின் பட்டியலை இந்தப் புத்தகத்தில் தேடிப் பயனில்லை. அது 'வேர்பாஸ்' என்ற வேறு ஏட்டில் (ராணுவப் பணிப் பதிவேடு) இருந்தது. பணிக்காலத்தில் அது பிரிவு அலுவலகத்தில் இருக்கும், சிப்பாயின் சட்டைப்பையில் இருந்தது சம்பளப் புத்தகம். மேலும் தேட விரும்புவோர் பெர்லினிலுள்ள கூட்டாட்சி ஆவணக் காப்பகத்துக்கு முழுப்பெயர், பிறந்த தேதி, பிறந்த ஊர், தகட்டு எண் ஆகியவற்றோடு எழுதலாம். முன்பு தனி அலுவலகமாக இருந்த வேர்மாக்ட் (அன்றைய ஜெர்மன் ஆயுதப்படை) தகவல் நிலையம் 2019-இல் இதில் இணைந்தது. டிவிஷன் நாட்குறிப்புகள் ஃப்ரைபுர்க் கிளையில் உள்ளன. 1945 ஏப்ரலில் போட்ஸ்டாம் ராணுவக் காப்பகம் எரிந்ததில் போன ஏடுகள் போனவைதான்.

கட்டுரை அந்தச் சிப்பாயை 'எளிய வேவுக்காரர்' என்று கூறி நிறுத்திக்கொண்டது. 1944 ஆகஸ்ட் 23-இல் இத்தாலியின் ஃபுசெக்கியோ சதுப்பு நிலத்தில் நூற்றெழுபதுக்கும் மேற்பட்ட பொதுமக்களைக் கொன்றவர்கள் 26-ஆம் டாங்கி டிவிஷன் படையினர். அதன் வேவுப் பிரிவும் அதில் இருந்தது. அப்படியொரு பிரிவின் பெயர் நான்காம் பக்கத்தில் இருந்தால், அந்த நாளில் ஆள் விடுப்பிலா, மருத்துவமனையிலா, பிரிவோடா என்பதைத் தேதிகளே ஓரளவு சொல்லும். யார் சுட்டது என்பதைச் சொல்லாது.

நான்காம் பக்கத்தின் படமும் கட்டுரையாளரிடம் இருந்தால், அதை வெளியிட்டு, முதல் படத்தின் கீழுள்ள பிரிவுப் பெயரைத் திருத்த வேண்டுகிறேன்.

— வாசகர், திருச்சி