பீரோவுக்குள் இருக்கும் போனை வெளியே எடு

ஹஸ்தம்பட்டி, சேலம்

அன்புள்ள சுந்தரம்,

நாங்கள் எல்லாரும் நலம். உன் மகள் போனில் பேசினாள். ஆசையாக வாங்கித் தந்த ஸ்மார்ட்போனை நீ துண்டில் சுற்றி பீரோவில் வைத்திருக்கிறாயாம். கேட்டால், "வழவழன்னு கண்ணாடி, இதுல எங்கடி தொடறது?" என்கிறாயாம். சிரித்துவிட்டேன். நான் என் பேரனிடம் சொன்னதும் இதே வார்த்தைதான்.

பழைய பஸ் ஸ்டாண்டில் உன் எஸ்.டி.டி. பூத்தும் என் பூத்தும் அடுத்தடுத்து இருந்ததே, அப்போது 5-ம் நம்பர் பட்டன் மேல் இருக்கும் மொட்டை விரல் தொட்டால் போதும், எந்த ஊர் கோடானாலும் ஒரே மூச்சில் அடித்துவிடுவோம். ராத்திரி பேசினால் கால்பங்கு கட்டணம் என்று வரிசையில் நிற்பவர்களில் பாதிப் பேருக்கு நமக்குக் கண் தெரியாது என்பதே ஞாபகம் இருக்காது. அந்த விரலுக்கு மொட்டு இல்லாத கண்ணாடியைக் கொடுத்தால் கோபம் வரத்தானே செய்யும்.

எங்கே தொடுவது என்ற கவலையே இதில் வேண்டாம்டா. இது புரிய எனக்கு ஒரு மாதம் ஆனது. திரையில் இருப்பதை வாய்விட்டுப் படித்துக் காட்டும் டாக்பேக் என்ற வசதி ஆன் ஆகியிருந்தால், திரையில் எந்த மூலையிலாவது ஒரு விரலை வலப்பக்கம் இழு. அடுத்து என்ன இருக்கிறது என்று சொல்லும். இடப்பக்கம் இழுத்தால் முந்தினது. வேண்டியது வந்ததும் எங்கேயாவது இரண்டு தட்டு. ஜெபமாலை மணியைத் தள்ளுவது போலத்தான். நான் முதல் வாரம் முழுக்க ஒரே ஒரு தட்டு தட்டிவிட்டு, "கெட்டுப்போன போனை வாங்கிக் குடுத்துட்டான்" என்று பேரனைத் திட்டிக்கொண்டிருந்தேன். இப்போது அது பேசும் வேகத்தைக் கூட்டி வைத்துக் கேட்கிறேன். சமையலறையிலிருந்து இவள், "என்னங்க, சோளம் பொரியுதா?" என்கிறாள்.

போன வாரம் பேத்தியின் கொலுசுத் திருகாணி கழன்றுவிட்டது. செவ்வாய்ப்பேட்டை வெள்ளிப் பட்டறைக்கு நானே போகிறேன் என்று கிளம்பினேன். பழைய பஸ் ஸ்டாண்டில் இறங்கி மேப்பைப் போட்டால், "மேற்கு நோக்கிச் செல்லவும்" என்கிறது. கண் தெரிந்தவனுக்கே மேற்கு எது என்று தெரியாது, எனக்கு எப்படி? காலை எட்டு மணி. வெயில் பிடரியில் படும்படி திரும்பி நின்றேன். நாலு எட்டு நடந்த பிறகுதான் போனுக்கும் நான் எந்தப் பக்கம் பார்த்துப் போகிறேன் என்று விளங்கும், அதுவரை அது சொல்வதைக் காதில் வாங்காதே. ஒரு காதில் மட்டும் இயர்போன். இரண்டு காதிலும் மாட்டினால் ஆட்டோக்காரன் கணக்கை முடித்துவிடுவான்.

தெருத் தெருவாகச் சரியாகவே கூட்டிப்போனது. கடைசியில், "நீங்கள் சேர வேண்டிய இடம் இடப்பக்கம் உள்ளது" என்றது. இடப்பக்கம் தடியை நீட்டினால் சாக்கடை! திறந்த வானத்தின் கீழேயே போன் காட்டும் இடம் ஏறக்குறைய 5 மீட்டர் முன்னே பின்னே இருக்குமாம், சந்துக்குள் இன்னும் கூடும். அங்கேயே நின்று காதைத் தீட்டினேன். எதிர்ப்பக்கம் டிக் டிக்கென்று சின்னச் சுத்தியல் சத்தம், கூடவே அந்த ஆசிட் நெடி. பட்டறை வந்துவிட்டது. "திருகாணி போடணுங்க" என்றேன். உள்ளிருந்து ஒருவர், "யாரு கூட வந்தீங்க?" என்றார். "தனியாத்தான்" என்றேன். அவர் நம்பவில்லை, எட்டி வெளியே பார்த்தார் போல, நாற்காலி கிரீச்சிட்டது.

திருகாணியோடு நூறு ரூபாய்க்குள் முடிந்தது. மீதி வாங்கும்போதுதான் அந்தப் பழைய தலைவலி. முன்பெல்லாம் நூறு ரூபாய்க்கும் ஐந்நூறுக்கும் நீளம் நன்றாகவே வித்தியாசப்படும். 2016-க்குப் பிறகு வந்த புது நோட்டில் நூறுக்கும் இருநூறுக்கும் 4 மில்லிமீட்டர்தான் வித்தியாசம், இருநூறுக்கும் ஐந்நூறுக்கும் அதே 4. கசங்கின நோட்டில் விரல் என்ன செய்யும்? ரிசர்வ் வங்கி 2020-ல் மணி என்று ஒரு ஆப் கொண்டுவந்தது. கேமரா முன் நோட்டைக் காட்டினால் மதிப்பைச் சொல்கிறது, நெட்டும் வேண்டாம். நாலு பேர் முன்னால் நோட்டைக் காட்டி "இது எவ்வளவுங்க?" என்று கேட்கிற கூச்சம் போயிற்று.

எல்லாம் தேன் என்று நினைக்காதே. பணம் அனுப்புகிற ஆப் ஒன்று சரியாகப் பேசிக்கொண்டிருந்தது, ஒரு நாள் அப்டேட் ஆயிற்று. மறுநாள் எதைத் தொட்டாலும் "பட்டன்... பட்டன்... பெயரிடப்படாத பட்டன்". எது அனுப்பு, எது ரத்து என்று எப்படித் தெரியும்? ஐகானுக்கு ஒரு பெயர் எழுதிவைக்க எத்தனை நேரம் ஆகும் என்று எனக்கு வயிறு எரிந்தது. வாடிக்கையாளர் எண்ணுக்கு அடித்தால், "திரையில் மூன்றாவதாக இருக்கும் பச்சைப் படத்தைத் தொடுங்க சார்" என்கிறாள் அந்தப் பெண். பச்சையை நான் என்னம்மா செய்வேன்?

இன்னொன்று. ஐந்து ரோட்டுக்கு வந்தால் ஈரடுக்குப் பாலத்துக்கு அடியில் மேப்பை நம்பாதே. 2020-ல் திறந்த பாலம், உனக்குத் தெரியாது. தலைக்கு மேல் அத்தனை கான்கிரீட் இருந்தால் சாட்டிலைட் சிக்னல் நேராக வராமல் எதிலாவது பட்டுத் தெறித்து வருகிறது. நான் கீழே டீக்கடை ஓரம் நிற்கிறேன், அது என்னை ரோட்டின் மறுபக்கத்தில் நடக்கவைக்கிறது. அங்கே யார் தோளையாவது பிடித்துக்கொண்டு கடப்பதுதான் சரி.

ஏற்காடு போனதையும் சொல்ல வேண்டும். மேப்பை முன்கூட்டியே டவுன்லோட் செய்துவைத்தால் மலையில் டவர் இல்லாவிட்டாலும் இடம் காட்டும். நான் போனைச் சட்டைப்பையில் போட்டுவிட்டு உடம்பாலேயே வளைவுகளை எண்ணிக்கொண்டிருந்தேன், மொத்தம் 20. பாதி மலையில் மூடுபனி இறங்கிவிட்டது போலிருக்கிறது, ஜன்னலை எல்லாம் சாத்தினார்கள். பக்கத்து சீட்டுக்காரர் மெல்ல, "எதுவுமே தெரியலைங்களே, எங்க வந்துருக்கோம்?" என்றார். "பதினாலாவது வளைவு தாண்டியாச்சுங்க" என்றேன். போனை எடுத்துப் பார்த்தேன், சரியாகத்தான் இருந்தது. அவருக்குக் கடைசிவரை என் தடி கண்ணில் படவே இல்லை.

மகளிடம் சொல்லி அமைப்புகளில் அணுகல்தன்மைக்குப் போய் டாக்பேக்கை ஆன் செய்யச் சொல். இரண்டு வால்யூம் பட்டனையும் சேர்த்து 3 வினாடி அழுத்தினால் ஆன், ஆஃப் ஆகும்படி ஷார்ட்கட்டையும் போட்டுத் தரச் சொல். தமிழ்க் குரலை வைத்துக்கொள், வேகத்தை மெல்ல மெல்லக் கூட்டு. ஆடியில் கோட்டை மாரியம்மன் பண்டிகைக்கு வருவாய் அல்லவா, பஸ் ஸ்டாண்டில் உன்னை அழைக்க நான் வரப்போவதில்லை. பழைய பூத் இருந்த இடத்துக்கு நீயே வா. பக்கத்தில் தட்டுவடை செட் சுடச்சுட போடுகிறான், வாங்கித் தருகிறேன்.

இந்தக் கடிதத்தை வாயால் சொல்லித்தான் அடித்தேன். செவ்வாய்ப்பேட்டை என்றால் மூன்று தடவை "செவ்வாய் போட்ட" என்றே எழுதியது. வேறெங்காவது தப்பு இருந்தால் அதன் மேல் போடு, என் மேல் போடாதே.

உன்,
முருகேசன்